புத்தகம் வாங்கியது போதும்!

பிள்ளை ரஷ்யாவிலோ பிலிப்பைன்ஸிலோ ஐந்தாறு வருஷம் படித்து, டாக்டர் பட்டத்தோடு வந்து இறங்கிவிட்டான். தெருவில் எல்லோரும் ‘டாக்டர் தம்பி’ என்று கூப்பிடுகிறார்கள். எதிர்வீட்டு மாமி மூட்டுவலிக்கு மாத்திரை கேட்கிறார். ஆனால் அவனால் ஒரு பாரசிட்டமால்கூட சீட்டில் எழுதித் தர முடியாது. சட்டப்படி அவன் இன்னும் டாக்டர் இல்லை!

நடுவில் ஒரு தேர்வு நிற்கிறது. எஃப்.எம்.ஜி.ஈ. என்று பெயர். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பதிவு செய்துகொள்வதற்காக 2002-லிருந்து நடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜூனிலும் டிசம்பரிலும். 300 கேள்விகள். 150 சரியாக இருந்தால் பாஸ். தப்பான விடைக்கு மார்க் குறைப்பு கிடையாது. கேட்கும்போது ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆனால் 2022 ஜூனிலும் 2023 ஜூனிலும் எழுதியவர்களில் சுமார் பத்தில் ஒருவர்தான் தேறினார்கள். மற்ற ஒன்பது வீடுகளில் என்ன நடந்திருக்கும்? வங்கிக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டில் யாராவது ‘பையன் எந்த ஆஸ்பத்திரியில இருக்கான்?’ என்று கேட்டுவிடக் கூடாதே என்று அம்மா கல்யாணத்துக்கே போயிருக்க மாட்டாள்.

இந்த நிலைமையில் நம் வீடுகளில் உடனே செய்கிற காரியம் ஒன்று உண்டு. புத்தகம் வாங்குவது! தோற்றுப்போன ஒவ்வொரு தடவையும் இன்னும் நாலு புத்தகம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த அறை அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்களேன். கல்லூரியில் வாங்கியது ஒரு வரிசை, கோச்சிங் சென்டர் கொடுத்த நோட்ஸ் ஒரு வரிசை, சீனியர் விட்டுப்போனது ஒரு கட்டு, சித்தப்பா மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பளபள புத்தகம் ஒன்று. பார்மகாலஜிக்கு மட்டும் மூன்று புத்தகம் இருக்கும். மூன்றிலும் முதல் அறுபது பக்கத்தில் மஞ்சள் ஹைலைட்டர் கோடு. அதற்கப்புறம் வெள்ளை வெளேர்!

என் கட்சி இதுதான்: இந்தத் தேர்வில் பலர் தோற்பதற்குப் புத்தகம் போதாதது காரணம் இல்லை. அதிகமாக இருப்பதும் ஒரு காரணம்.

ஏன் என்று சொல்கிறேன். தேர்வு வாரியம் எந்தப் பாடத்துக்கு எத்தனை மார்க் என்று பட்டியலே போட்டிருக்கிறது. அதைப் பார்க்காமலேயே புத்தகம் வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம். பொது மருத்துவத்துக்கு 33 மார்க். அதற்கு ‘ஹாரிஸன்’ வாங்குகிறோம். உலகமே கும்பிடுகிற புத்தகம்தான், சந்தேகமில்லை. இரண்டு பாகம், மூவாயிரம் பக்கத்துக்கு மேல். தினமும் 20 பக்கம் விடாமல் படித்தாலும் ஐந்து மாசம் ஆகும். அடுத்த தேர்வே ஆறு மாசத்தில் வந்துவிடுகிறது! இன்னொரு பக்கம் பாருங்கள். கண் பாடத்துக்கு 15, காது மூக்கு தொண்டைக்கு 15, ஆக 30 மார்க். குரானாவின் கண் மருத்துவப் புத்தகத்தையும் திங்ராவின் ஈ.என்.டி. புத்தகத்தையும் சேர்த்து வைத்தால் ஹாரிஸனின் ஒரு பாகம் கனம்கூட வராது. கெட்டிக்காரப் பிள்ளை எதை முதலில் முடிப்பான்?

ஆனால் வீட்டில் ஹாரிஸன் மேஜை மேல் இருந்தால்தான் ‘பையன் படிக்கிறான்’ என்று நமக்குத் திருப்தி. கனத்தைப் பார்த்து மயங்குகிற வியாதி நமக்கு ரொம்ப நாளாக உண்டு.

இந்தத் தேர்வு ஒரு பாடத்தின் அடி ஆழத்தைத் தொடச் சொல்லவில்லை. பத்தொன்பது பாடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்கிறது. அதனால் ஒரு பாடத்துக்கு ஒரே புத்தகம். அதுவும் தேர்வுக்கு முன்னால் மூன்று தடவை முழுசாகத் திருப்ப முடிகிற அளவில். பெரிய புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்க்கிற அகராதி மாதிரி அது ஓரமாக இருக்கட்டும். அகராதியை முதல் பக்கத்திலிருந்து யாராவது படிப்பார்களா?

‘எந்தப் புத்தகம்னு பேரைச் சொல்லுங்க ஸார், வாங்கிடறோம்’ என்பீர்கள். அங்கேதான் விஷயம். எல்லோருக்கும் ஒரே பட்டியல் கொடுத்தால் அது ஏமாற்று. ஆனால் ஒரு பாடத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்வேன். சமூக மருத்துவம். 30 மார்க். பிரசவம், பெண்கள் மருத்துவம் பாடத்துக்கும் அதே 30தான் என்றால் இதன் கனம் புரியும். இதற்கு ஜபல்பூரிலிருந்து வருகிற ‘பார்க்’ புத்தகம்தான். 1970-லிருந்து இந்திய மாணவர்கள் அதைத்தான் திட்டிக்கொண்டே படிக்கிறார்கள். தடித்த புத்தகம், வறண்ட நடை, உண்மைதான். இதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. தேசிய சுகாதாரத் திட்டங்கள், தடுப்பூசி, தொற்றுநோய், தாய்சேய் நலம், புள்ளிவிவரம் ஆகிய அத்தியாயங்களை நன்றாகப் படித்தால் பெரும்பகுதி வந்துவிடும். வெளிநாட்டில் படித்த பிள்ளை பெரும்பாலும் அங்கே அந்த நாட்டு ஏற்பாடுகளைத்தான் பார்த்திருப்பான். நம் ஊர் கிராம சுகாதார நர்ஸையும் அங்கன்வாடியையும் அவனுக்கு யார் காட்டியிருப்பார்கள்?

அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் பளபள புத்தகத்தின் கதையும் இதுதான். ‘ஃபர்ஸ்ட் எய்ட்’ என்று பெயர், அந்த நாட்டு லைசென்ஸ் தேர்வுக்காக எழுதியது. அந்தத் தேர்வுக்கு அருமையான புத்தகம். ஆனால் நம் ஊரில் குழந்தை பிறந்ததும் பி.சி.ஜி. போடுகிறோம். அமெரிக்காவில் எல்லாக் குழந்தைக்கும் அதைப் போடுவதில்லை. நம் ஊர் அவசர சிகிச்சை வார்டில் ராத்திரி பதினொரு மணிக்கு அரளி விதை அரைத்துக் குடித்த பெண்ணைக் கொண்டுவருவார்கள். பூச்சிமருந்து குடித்த விவசாயி வருவார். கண்ணாடி விரியன் கடித்த பையன் வருவான். இதையெல்லாம் எந்தப் புத்தகம் விளக்கமாகச் சொல்கிறதோ அதுதான் நம் பிள்ளைக்குப் புத்தகம். தேர்வு வைக்கிறதே அதற்காகத்தானே! நாளைக்கு அந்த வார்டில் படுத்திருப்பது நீங்களாகவோ நானாகவோ இருக்கலாம்.

அடுத்தது பழைய பதிப்பு சமாசாரம். சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகள் மேல் தனி பாசம் உண்டு. பாதி விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா? அனாட்டமி என்றால் தாராளமாக வாங்குங்கள். மனுஷ உடம்பில் பத்து வருஷத்தில் புது எலும்பு எதுவும் முளைத்துவிடவில்லை. சௌராஸியாவின் பழைய பதிப்பு போதும். ஆனால் ஃபாரன்சிக் என்கிற சட்ட மருத்துவத்தில் இந்தச் சிக்கனம் காலை வாரிவிடும். 2024 ஜூலை 1-ஆம் தேதி இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 என்று நாம் சினிமாவில் கேட்டுக் கேட்டுப் பழகியது இப்போது 103. கவனக்குறைவால் மரணம், அதாவது டாக்டர்கள் பயப்படுகிற 304-ஏ, இப்போது 106. வரதட்சிணைச் சாவு 304-பி இப்போது 80. பழைய புத்தகத்தை மனப்பாடம் செய்தவன் தப்பை மனப்பாடம் செய்தவன் ஆகிறான். பத்து மார்க் பாடம் இது. 148 வாங்கி நின்ற பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பத்தின் அருமையை.

சமூக மருத்துவமும் அப்படித்தான். காசநோய்க்கு வாரத்தில் மூன்று நாள் மாத்திரை என்ற முறை போய், 2017-ல் நாடு முழுக்க தினசரி மாத்திரை ஆயிற்று. 2020-ல் திட்டத்தின் பெயரே மாறியது. 2016 ஏப்ரலில் போலியோ சொட்டுமருந்தில் மூன்று வகை வைரஸ் இருந்தது இரண்டாகக் குறைந்தது. கருக்கலைப்புச் சட்டத்தில் 20 வாரம் என்று இருந்த மேல் வரம்பு 2021 திருத்தத்தில் சில வகைப் பெண்களுக்கு 24 ஆயிற்று. இந்தப் பாடங்களுக்கு மட்டும் புதுப் பதிப்புக்குக் காசு செலவழியுங்கள். அனாட்டமியில் மிச்சம் பிடித்தது இங்கே சரியாகிவிடும்.

ஜெராக்ஸ் நோட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கேள்வித்தாளில் இப்போதெல்லாம் படம் காட்டியும் கேட்கிறார்கள். தோல் வியாதி, கண், எக்ஸ்ரே, மைக்ராஸ்கோப்பில் பார்த்த திசு... பேதாலஜி படத்தைக் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் படித்தால் எல்லாமே சாம்பல் நிறத்தில் மேகமூட்டம் மாதிரித்தான் இருக்கும்! தோல், கண், பேதாலஜி மூன்றுக்காவது கலர் படம் வேண்டும்.

கடைகளில் ‘முந்தைய வருஷக் கேள்விகள், விடைகளுடன்’ என்று தடிதடியாகப் புத்தகங்கள் இருக்கும். பள்ளிக்கூடப் பொதுத்தேர்வு மாதிரி இதுவும் நிஜக் கேள்வித்தாள் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இல்லை! தேர்வு வாரியம் கேள்வித்தாளை வெளியிடுவதில்லை. கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று எழுதுகிறவர்களிடமே உறுதிமொழி வாங்கிக்கொள்கிறது. புத்தகத்தில் இருப்பது யாரோ ஞாபகத்திலிருந்து ஒப்பித்தது. ஞாபகத்தில் ‘இல்லை’ என்ற ஒரு வார்த்தை விட்டுப்போனால் கேள்வியே தலைகீழ். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், வேதமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதில் ஒரு விடை உதைத்தால் உடனே பாடப்புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு இந்த வகைப் புத்தகம் ஆபத்து.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஜார்ஜியாவில் படித்தவள். இரண்டு தடவை போயிற்று. மூன்றாவது தடவைக்கு முன்னால் அவள் செய்ததை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்மகாலஜிக்கு வீட்டில் இருந்த மூன்று புத்தகத்திலும் ஒரே அத்தியாயத்தை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் நாற்பது நிமிஷம் படித்தாள், ஒவ்வொரு நாளைக்கு ஒன்றாக. மறுநாள் காலையில் மூடி வைத்துவிட்டு இருபது கேள்வி போட்டுப் பார்த்தாள். எதைப் படித்த மறுநாள் அதிகம் நின்றதோ அதை வைத்துக்கொண்டாள். மற்ற இரண்டையும் அம்மா கையிலேயே கொடுத்து, ‘பரண்ல போட்டுடும்மா, நான் கேட்டாலும் தராதே’ என்றாளாம்! அப்புறம் எங்கே எந்தக் கேள்வி தப்பினாலும் அந்த ஒரே புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வைத்தாள். கடைசி வாரத்தில் அவள் படித்தது அந்த ஓரங்களைத்தான்.

இது எந்த வீட்டிலும் செய்யக்கூடிய காரியம். செலவு ஒன்றும் இல்லை. ஆனால் தேர்ந்தெடுப்பது பிள்ளையாக இருக்க வேண்டும். அப்பா, மாமா, முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கேயே படித்துப் பாஸான குடும்ப டாக்டர்... இவர்கள் யோசனை சொல்லலாம், அவ்வளவுதான். அவர்கள் இந்தத் தேர்வை எழுதியதே இல்லை. போன ஜூனிலோ டிசம்பரிலோ தேறிய ஒரு சீனியரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுங்கள். ‘எதை வாங்கினே?’ என்று கேட்காதீர்கள். ‘எதை முடிச்சே?’ என்று கேளுங்கள். பதில் ரொம்பச் சின்னதாக இருக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ‘இவ்வளவு புத்தகம் வாங்கிக் கொடுத்தேனே!’ என்ற வசனத்தை வீட்டில் யாரும் பேசக் கூடாது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே பிள்ளை எல்லாப் புத்தகத்தையும் கொஞ்சம் கொஞ்சம் புரட்டுகிறான். நீங்கள் காசு போட்டு வாங்கியதைத் தொடாமல் விட அவனுக்குக் குற்ற உணர்ச்சி. விளைவு, எதுவும் முடிவதில்லை. ‘வேண்டாததை எடுத்து வை, பரவாயில்லை’ என்று நீங்களே சொல்லிவிட்டால் அவன் பாதி பாரம் இறங்கிவிடும்.

தேர்வுக்கு ஒரு மாசம் இருக்கும்போது எப்படியும் ஒரு உறவுக்காரர் புதுசாக ஒரு கைடோடு வருவார். ‘இதைப் படிச்சவன் அத்தனை பேரும் பாஸாம்!’ என்பார். வாங்கிக்கொண்டு, டிபன் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்புங்கள். புத்தகம் நேரே பரணுக்குப் போகட்டும். பிள்ளையிடம் வந்ததாகவே சொல்ல வேண்டாம்.