யுத்தத்தின் காரணத்தைக் கேட்க யாருக்கு உரிமை?

அண்டை தேசங்கள் இரண்டு யுத்தத்தில் இறங்கிவிட்டால், அதன் காரணத்தைப்பற்றிப் பேச மந்திரிகளுக்கும் சேனாதிபதிகளுக்குமே உரிமை உண்டென்றும், ஏனையோர் வாய்பொத்தியிருத்தலே தேசபக்தியென்றும் உபதேசிப்பவர் எக்காலத்திலும் உளர். ருஷியாவில் இவ்வுபதேசம் சட்டமாகவே ஆகிவிட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரேனுக்குள் படைகளைச் செலுத்திய அந்த சர்க்கார், மறுமாதமே, தன் சேனையைப்பற்றித் தனக்கு ஒவ்வாததைப் பேசுவோரைச் சிறையிலிட வழிசெய்துகொண்டது. நம் தேசத்தில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. ஆயினும் 2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நாட்களில், காரணம் கேட்டவனைச் சத்துருவின் கையாள் என்று ஏசுவதற்குக் கனவான்கள் பலர் முன்வந்தனர்.

நல்லவேளையாகப் பாமர ஜனங்கள் இந்த ஏச்சைப் பொருட்படுத்துவதில்லை. தருமபுரியிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும், தேநீர்க் கடைகளிலும் சந்தைகளிலும், யுத்தச் செய்தி வந்துவிட்டால் விவாதத்துக்குக் குறைவில்லை. “முதலில் சுட்டவன் யார்?” என்கிறார் ஒருவர். “சுடும்படி சீண்டியவன் யார், அதைச் சொல்லும்” என்கிறார் இன்னொருவர். “அதெல்லாம் இருக்கட்டும்; லாபம் யாருக்கு?” என்று மூன்றாமவர் இருவரையும் மடக்குகிறார். படித்தவர்கள் இதைக் கேட்டு நகைக்கிறார்கள். நகைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? கி.மு. 431ல் மூண்ட ஏதென்ஸ் - ஸ்பார்ட்டா யுத்தத்தின் சரித்திரத்தை எழுதிய துசிடிடீஸ், இரு தரப்பாரும் வெளியே சொல்லிக்கொண்ட புகார்களை ஒருபுறமும், ஏதென்ஸின் வளர்ச்சியைக் கண்டு ஸ்பார்ட்டா கொண்ட அச்சமாகிய மெய்க்காரணத்தை மறுபுறமும் வைத்தார். கேழ்வரகு மூட்டையை இறக்கிவிட்டுத் தேநீர் அருந்துகிறவர் கேட்பதும் அந்தப் பாகுபாட்டைத்தான். காலேஜ் பட்டம் அதற்கு வேண்டியதில்லை.

அன்றியும், இவ்விஷயத்தில் தருமபுரி ஜில்லாவாசிகளுக்குப் பிறரைவிட அதிகப் பாத்தியதை உண்டென்பது நமது அபிப்பிராயம். இந்த ஜில்லாவும், 2004ல் இதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி ஜில்லாவும் முற்காலத்தில் பாராமகால் என்ற சீமையைச் சேர்ந்தவை. மைசூருக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே வாசற்படிபோல் கிடந்த இச்சீமையை 1767க்கும் 1792க்கும் இடையே மூன்று யுத்தங்கள் மிதித்துச் சென்றன. மூன்றாவது யுத்தம் எதனால் வந்தது என்று பாருங்கள்.

மேற்குக் கடற்கரையில், இங்கிருந்து மலைகளுக்கு அப்பால், கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை என இரண்டு கோட்டைகள் டச்சுக்காரர் வசம் இருந்தன. 1789ல் திருவாங்கூர் மகாராஜா அவற்றைக் கிரயத்துக்கு வாங்கினார். கொச்சி தமக்குக் கப்பம் கட்டும் ராஜ்யமாதலால் டச்சுக்காரருக்கு அவற்றை விற்கும் அதிகாரமே இல்லை என்றார் திப்பு சுல்தான். திருவாங்கூர் எழுப்பியிருந்த நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரண் கொச்சி மண்ணிலும் செல்கிறதென்பது அவருடைய மற்றொரு புகார். 1789 டிசம்பர் 29ந் தேதி அவருடைய சேனை அந்த அரணைத் தாக்கிப் பின்வாங்கிற்று. 1784ம் வருஷத்து மங்களூர் உடன்படிக்கையில் திருவாங்கூர் கும்பெனியின் நேச ராஜ்யங்களுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு இதையே ஆதாரமாகக் கொண்டு, நிஜாமையும் பேஷ்வாவையும் துணைசேர்த்துக்கொண்டு யுத்தம் தொடுத்தார்.

1791ல் யுத்தம் இந்தப் பக்கம் திரும்பிற்று. ராயக்கோட்டையும் பென்னாகரமும் கும்பெனிப் படையிடம் விழுந்தன. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மாத்திரம் தாக்குப்பிடித்தது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கைப்படி திப்பு தம் ராஜ்யத்தில் பாதியையும், மூன்று கோடியே முப்பது லட்ச ரூபாயையும் கொடுக்க இசைந்து, தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். கும்பெனியின் பங்குக்கு மலையாளம், திண்டுக்கல் இவற்றோடு பாராமகாலும் வந்தது. கொடுங்கல்லூரைப்பற்றிய வியாஜ்யத்தில் தருமபுரி ஜப்தியாயிற்று! வாதியும் அல்லாமல் பிரதிவாதியும் அல்லாமல், சம்மன்கூட இல்லாமல், இந்தச் சீமையின் குடியானவர்கள் வேறொரு துரைத்தனத்துக்குக் கைமாறினார்கள். காப்டன் ரீடும் அவருடைய உதவி உத்தியோகஸ்தரான தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தனர். பிற்பாடு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவிய ரயத்துவாரித் தீர்வை இங்கேதான் உருக்கொண்டது.

இதைச் சொல்வதனால் திப்புவை நிரபராதி என்று நாம் விடுதலை செய்வதாக எவரும் எண்ணவேண்டாம். அரணைத் தாக்கியது அவர் சேனையே. லாபமடைந்தவனே குற்றவாளி என்று தீர்த்துவிடுவதும் தவறு. கொலை வழக்கில் ஆஸ்தி அடைந்தவனை முதலில் விசாரிப்பது முறைதான். ஆஸ்தி அடைந்த ஒரே காரணத்துக்காக எந்த ஜட்ஜும் அவனைத் தூக்கிலிடுவதில்லை. அந்தக் கோட்டைக் கிரயத்தைச் சென்னை கவர்னர் ஹாலந்து ஆதரிக்கவில்லை. ஆகவே அது ஆதிமுதல் கும்பெனி விரித்த வலை என்பது மிகையான வாதம். ஆனால் 1780ல் ஹைதர் அலி செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகத்துக்குள் இறங்கிய பீதியைக் கும்பெனியார் மறந்தாரில்லை. கணவாய்களின் கதவு தம் கையில் இருக்கவேண்டுமென்ற ஆசைக்குத் திருவாங்கூர் விவகாரம் நல்ல முகாந்தரமாக வாய்த்தது. ஆக, தேநீர்க்கடை நண்பர் மூவரிடத்தும் உண்மையில் ஒரு பங்கு உண்டு. முதலில் சுட்டவன் யார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். லாபம் யாருக்கு என்பது உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை தெரியாது. அதுவரை பேச்சை அடக்கிவைக்கச் சொல்பவர், அதற்குப் பிறகும் பேச விடப்போவதில்லை.

விவாதிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்போனில் வருவதையெல்லாம் சாட்சியமாகக் கொள்வது விவாதமாகாது. சத்துரு தேசத்து ஏழையை ஏசுவதும் காரணம் காண்பதாகாது. ஆனால் நல்ல சாட்சியம் வேண்டுமென்றால், அது யாருடைய பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது?

1999 கார்கில் யுத்தத்துக்குப் பிறகு, திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த கமிட்டியின் அறிக்கை, சில பகுதிகள் மறைக்கப்பட்டபோதிலும், 2000ம் வருஷத்திலேயே பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்டது. அதனால் தேசம் குடிமுழுகிப் போய்விடவில்லை. 1962 சீன யுத்தத்தின் தோல்வியை ஆராய்ந்து ஹெண்டர்சன் புரூக்ஸ், பகத் என்னும் இரு சேனைத் தலைவர்கள் 1963ல் கொடுத்த அறிக்கையோ வேறு கதி அடைந்தது. 2014ல் நெவில் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர் அதில் ஒரு பகுதியை வெளியிட்டார். சர்க்கார் தாமாக அதை ஜனங்களிடம் கொடுக்கவில்லை. எந்தக் கட்சி அதிகாரத்துக்கு வந்தாலும் இவ்விஷயத்தில் ஒரே மௌனந்தான். அந்த யுத்தத்தில் போரிட்டு மீண்டவர்களுள் அநேகர் காரணம் அறியாமலே காலமாகிவிட்டனர். தருமபுரியிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றிருக்கும் அங்கத்தினர், அடுத்த கூட்டத்திலேயே இவ்வறிக்கையை முழுமையாக வெளியிடும்படி கேள்வி எழுப்பவேண்டும். மறுப்பதாயின், அறுபது வருஷங்களுக்குப் பிறகும் மறைக்கவேண்டியது அதில் என்ன இருக்கிறதென்று மந்திரியார் எழுந்து நின்று சொல்லட்டும்.