தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகுமா? (டாங்கி விளையாட்டுகள் பற்றி)

கணினியில் டாங்கிச் சண்டை விளையாடுபவர்களுக்கு ரொம்பப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. குண்டு போய்த் தைத்ததும் எதிரி டாங்கியின் டரட், அதாவது பீரங்கிக் குழாயைத் தாங்கிக்கொண்டு மேலே சுழலும் தலைப்பகுதி, அப்படியே கழன்று ஆகாயத்தில் பறக்கும். "அடடா, என்ன தத்ரூபம்!" என்று சிலாகிப்பார்கள். தத்ரூபம்தானா என்று பார்த்தால் பாதி ஆமாம், பாதி இல்லை. அந்த 'இல்லை' பகுதிதான் முக்கியமானது.

பழைய விளையாட்டுகளில் இந்தச் சிக்கலே கிடையாது. 2002-ல் வந்த பேட்டில்ஃபீல்ட் 1942-ல் டாங்கிக்கு ஓர் உயிர்க்கோடு. அடிபட அடிபடக் குறையும், தீர்ந்தால் வெடிக்கும், அவ்வளவுதான். 2010-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் கவசத்தின் தடிமன், சாய்வு எல்லாம் கணக்குப் போட்டாலும் கடைசியில் உயிர்ப் புள்ளிகளைத்தான் கழித்தது. ஒரே துப்பாக்கி ஒரே இடத்தில் சுட்டாலும் சேதம் 25 சதவீதம் கூடலாம், குறையலாம் என்று தாயக்கட்டையை வேறு உருட்டியது. அதையாவது மன்னித்துவிடலாம். 'இது நிஜம்' என்று அது மார்தட்டிக்கொள்ளவில்லை.

மார்தட்டியது வார் தண்டர். 2014-ல் அதில் டாங்கிகள் இறங்கின. உயிர்ப் புள்ளி என்ற பேச்சே இல்லை. குண்டு எந்தக் கோணத்தில் பட்டது, எத்தனை மில்லிமீட்டர் இரும்பைத் துளைத்தது, உள்ளே சிதறிய துண்டுகள் யார் மேல் பட்டன என்பதையெல்லாம் எக்ஸ்-ரே படம் போலக் காட்டும். ஜெர்மானியப் பேன்தர் டாங்கியின் டரட் முகப்பு உருளையாக வளைந்திருக்கும். அதன் கீழ்ப்பாதியில் பட்ட குண்டு வழுக்கிக் கீழே திரும்பி, ஓட்டுநரின் தலைக்கு மேலிருக்கும் மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். இதைச் சரிசெய்யத்தான் ஜெர்மானியர்கள் 1944-ல் அந்த முகப்புக்குத் தாடை போல ஒரு விளிம்பு வைத்தார்கள். விளையாட்டில் இந்த வித்தியாசம்கூட வேலை செய்கிறது. உழைப்பு உழைப்புதான், குறை சொல்ல முடியாது.

குண்டுகள் அடுக்கியிருக்கும் இடத்துக்குக் கொடுத்த மதிப்பும் அப்படித்தான். ஷெர்மன் டாங்கிகளில் பக்கவாட்டில் உயரே அடுக்கியிருந்த குண்டுகளைப் பின்னர் தரைமட்டத்துக்கு இறக்கி, சுற்றிலும் திரவம் நிரப்பிய பெட்டி வைத்தார்கள். துளைக்கப்பட்ட பழைய வகை ஷெர்மன்களில் 60 முதல் 80 சதவீதம் எரிந்தன, புதிய வகையில் 10 முதல் 15 சதவீதம்தான் என்று 1945-ல் அமெரிக்க இராணுவம் கணக்கெடுத்தது. கவசம் கூடவில்லை, குண்டு இருந்த இடம்தான் மாறியது!

டரட் பறப்பதற்கும் இதுவே காரணம். சோவியத் டி-72 டாங்கியில் (உரிமம் பெற்று ஆவடியிலும் தயாரித்தார்கள், 'அஜேயா' என்று பெயர்) தானாகக் குண்டு நிரப்பும் இயந்திரம் 22 குண்டுகளை டரட்டுக்கு நேர் கீழே வட்டமாக அடுக்கி வைத்திருக்கும். மீதியெல்லாம் ஆட்களைச் சுற்றிக் கிடக்கும். வெடிமருந்து பற்றிக்கொண்டால் வாயு போக வேறு வழியில்லை, டரட்டையே தூக்கி எறிந்துவிடும். 1991 வளைகுடாப் போர், 1994 இறுதியில் தொடங்கிய குரோஸ்னி சண்டை, 2022 முதல் உக்ரைன் என்று உலகம் திரும்பத் திரும்பப் பார்த்த காட்சி இது. அமெரிக்க அப்ராம்ஸ் எம்1ஏ1-இல் 40 குண்டுகளில் 34 டரட்டின் பின்புற அறையில், கனமான கதவுக்கு அப்பால் இருக்கும். வெடித்தால் அறையின் கூரைத் தகடு பிய்த்துக்கொண்டு போகும், ஆட்கள் தப்புவார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிற கதை. வார் தண்டரில் இதுவும் இருக்கிறது, சபாஷ்.

பிறகு எங்கே இடிக்கிறது?

உள்ளே வெடிக்கும் குண்டில் முதலில் இடிக்கிறது. சிறிது வெடிமருந்து வைத்த துளைகுண்டு உள்ளே போனதும், துண்டுகள் பந்து போல எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறுவதாக விளையாட்டில் வைத்தார்கள். ஆனால் அது பாய்ந்து வந்த வேகம் எங்கே போகும்? துண்டுகளில் பெரும்பங்கு முன்னோக்கித்தான் போகும். இதனால் தளபதியின் தலைக்கு மேலே இருக்கும் சின்ன மூடிக் கூண்டில் ஒரு குண்டு பட்டால்கூட டரட்டில் இருக்கும் எல்லோரும் காலி! மருந்தில்லாத திண்குண்டை நம்பிய பிரிட்டிஷ் டாங்கிகளோ, துளைத்த பிறகும் ஓரிருவரை வீழ்த்திவிட்டு முழிக்க வேண்டியதுதான்.

அடுத்தது கூடை. 2025-ல் அப்ராம்ஸ், லெப்பர்ட் 2 டாங்கிகளின் டரட்டுக்குக் கீழே தொங்கும் கூடையையும் சேத வரைபடத்தில் சேர்த்தார்கள். (டரட்டோடு சேர்ந்து சுழலும் தளம் அது, ஆட்கள் அதில்தான் உட்கார்கிறார்கள்.) நல்லதுதான். ஆனால் கூடையில் அடி பட்டால் டரட் சுழல்வதே நின்றுவிடும் என்று வைத்ததில்தான் ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் உண்டு. மெல்லிய தகட்டில் ஓட்டை விழுந்தால் சுழற்றும் மோட்டார் ஏன் நிற்க வேண்டும்? கூடை நெளிந்து அடித்தட்டில் உராய்ந்தால் நிற்கலாம். ஓட்டைக்கும் நெளிவுக்கும் வித்தியாசம் பார்க்காத கணக்கு எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் தப்புக் கணக்குதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய இடி, டரட்டுக்குள் இருக்கும் மனிதர்கள் விஷயத்தில். இதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் டைகர் 131 என்ற ஜெர்மானிய டாங்கி இருக்கிறது. இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள். 1943 ஏப்ரலில் துனீசியாவில், பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கிகளின் குண்டுகள் அதைத் தாக்கின. ஒரு குண்டு பீரங்கிக் குழாயின் அடியில் பட்டுச் சறுக்கி, டரட் உட்கார்ந்து சுழலும் வளையத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. டரட் அசையவில்லை. இன்னொரு குண்டால் குழாயை ஏற்றி இறக்க முடியாமல் போனது. முன்பக்கக் கவசம் 100 மில்லிமீட்டர், அதை யாரும் துளைக்கவில்லை. ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் டாங்கியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். உலகமே பயந்த டைகர், டரட் சுழலாததால் முழுசாக எதிரி கையில் சிக்கியது.

இதே அடி விளையாட்டில் விழுந்தால்? ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். கொஞ்ச நேரத்தில் வளையம் சரியாகிவிடும், பீரங்கியின் அடிக்கட்டையே உடைந்தாலும் சரியாகிவிடும். டைகரில் ஐந்து பேர். மூன்று பேர் செத்தாலும் மிச்சமிருக்கும் இருவர் இறந்தவனின் இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்து, ஒருவன் ஓட்ட ஒருவன் சுட, சண்டையைத் தொடர்வார்கள்! இரும்பின் சாய்வை டிகிரி கணக்கில் அளந்தவர்களுக்கு, பக்கத்தில் இருந்தவன் சிதறிய இரும்புக் கூண்டில் எவனும் உட்கார்ந்து குறி பார்க்க மாட்டான் என்பது தெரியாமல் போனது எப்படி?

"விளையாட்டுதானே, விடுங்கள். முதல் அடியிலேயே வெளியே குதித்தால் யார் விளையாடுவார்கள்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவர்களே இன்னொரு பக்கம் டரட் சுழலும் வேகம் ஒரு டிகிரி குறைந்தாலும் சண்டைக்கு வருகிறவர்கள். பிரெஞ்சு லெக்ளெர்க் டாங்கியின் டரட் வேகம் தவறு என்று நிரூபிக்க, அதன் இராணுவக் கையேட்டின் பக்கங்களையே 2021-ல் ஒருவர் இணையத்தில் போட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் சேலஞ்சர் 2 டாங்கியின் கையேட்டுக்கும் அந்தக் கதிதான். இரும்புக்காக இராணுவ ரகசியத்தையே வெளியிடத் துணியும் கூட்டத்தில், ஆட்களின் விஷயத்துக்கு மட்டும் "விளையாட்டுதானே" என்றால் எப்படி?

விளைவு வெளியிலும் தெரிகிறது. உக்ரைனிலிருந்து வந்த படங்களில் டரட் பறந்ததைப் பார்த்து, எத்தனை மீட்டர் உயரம் என்று பந்தயம் கட்டிச் சிரித்தவர்கள் ஏராளம். டி-72-ல் மூன்று பேர், அதில் இருவர் உட்கார்ந்திருப்பது அந்த டரட்டில்தான். எந்தப் பக்கத்துப் படையாக இருந்தாலும், பறந்த இரும்புக்குள் இரண்டு பேர் இருந்திருப்பார்கள்.

தீர்வு ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. 'டாங்கியைக் கைவிடு' என்று ஒரு பொத்தான் வைக்கலாம். டரட் சிக்கிக்கொண்டால், இரண்டு பேர் விழுந்தால், மீதி ஆட்களை உயிரோடு வெளியே கொண்டுவருகிறவருக்கும் கணிசமான புள்ளி கொடுக்கலாம். தப்பிய ஆட்களின் அனுபவம் அடுத்த டாங்கிக்குப் போகட்டும், செத்தால் போகாமல் இருக்கட்டும். எதிரிக்கும் குறை வராது, டாங்கியை முடக்கியதற்கான முழுப் புள்ளி அவருக்கு. வளையத்தில் சிக்கிய குண்டை எடுக்க வேண்டுமானால் பின்வாங்கித் தளத்துக்குத்தான் போக வேண்டும் என்று வைத்தால் இன்னும் நல்லது. எங்கே சுட்டால் வெடிக்கும் என்று மட்டும் தேடுகிறவர்கள், எங்கே சுட்டால் சுழலாது என்றும் தேட ஆரம்பிப்பார்கள். துனீசியாவில் சர்ச்சில் டாங்கிக்காரர்களுக்கு அது அதிர்ஷ்டத்தில் கிடைத்தது.