வாயைப் பார்த்தா வாய்ப்பு?

மாட்டுத்தாவணியிலே தரகர்கள் விலை பேசும் வகையைக் கரிசல் மண்ணின் தோழர்கள் நன்கறிவர். கையின்மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரல் பிடித்து விலையை முடிப்பர். மாட்டுக்குடையவன் பக்கத்திலேதான் நிற்பான். எந்த விரல் மடங்கிற்று, எந்த விரல் நிமிர்ந்தது என்பதை மட்டும் அவன் அறியான்!

திரைப்படக் கல்லூரிகளின் நேர்முகத் தேர்வும் அத்தகையதே.

புனேயில் 1960இல் மத்திய அரசு தொடங்கிய நிலையம் ஒன்று. கொல்கத்தாவில் 1995இல் சத்யஜித் ரேயின் பெயரால் எழுந்தது மற்றொன்று. இரண்டும் மக்கள் வரிப்பணத்தில் வாழ்பவை. எழுத்துத் தேர்வு, தேறியோர்க்குச் செயல்முறைப் பயிற்சி, இறுதியில் நேர்முகம் என மூன்று வாயில்கள்! 2020ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு, மூன்று பிரிவுகளுக்கும் விண்ணப்பிப்போர்க்குக் கட்டணம் 10,000 ரூபாய் வரை ஏறிற்று. வெகுண்ட புனே மாணவர்கள் 2019 டிசம்பரில் உண்ணாநோன்பு இருந்தனர். வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும், தமிழுக்கு இடமில்லை!

எம்.ரெட்டியபட்டியிலே, கரிமூட்டம் போடும் தந்தைக்கும் மிளகாய் பறிக்கும் தாய்க்கும் பிறந்த பிள்ளையொருவன், இத்தனையும் தாண்டி இறுதி அறைக்குள் நுழைகிறான் என்றே கொள்வோம். அருப்புக்கோட்டைக் கொட்டகையில் பார்த்த படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துக் கூற வல்லவன் அவன். ஆனால், "ஐரோப்பிய இயக்குநர்களில் உமக்குப் பிடித்தவர் யார்?" என ஆங்கிலத்தில் கேள்வி பாய்கிறது. நா தடுமாறுகிறது, மதிப்பெண் சரிகிறது. அளக்கப்பட்டது அவன் திறமையா? அல்ல, அவன் வளர்ந்த வீடு!

"கலைஞனை நேரில் கண்டாலன்றோ எடை போட இயலும்?" என்பர் சிலர். கண்டார்களே! 1952இல் வெளிவந்த பராசக்திக்காக நாடக மேடையிலிருந்து வந்த கணேசனைக் கண்டு, ஒல்லியான இந்த இளைஞன் ஒத்துவரான் என்று பட முதலாளியே எண்ணவில்லையா? தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள் பிடிவாதமாய் நின்றார். நடிகர் திலகம் கிடைத்தார். எல்லாத் தேர்வுக் குழுவிலும் ஒரு பெருமாள் இருப்பாரோ?

சட்டமும் இதைச் சொல்லாமலில்லை. சிறீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என மதிப்பெண் வைத்தனர். இரண்டு மூன்று நிமிடங்களில், பெற்றோரையும் ஊரையும் கேட்டு அனுப்பிவிட்டனர் என மாணவர்கள் முறையிட்டனர். 1980இல் அஜய் ஹசியா வழக்கில் உச்சநீதிமன்றம், நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் தருவது தன்னிச்சையானது என்றது. உரையாடலை ஒலிப்பதிவு செய்தல் நலம் என்றும் கூறிற்று.

நாம் நேர்முகமே கூடாதென்று கூறவில்லை, தோழர்களே! அதற்கு 15 விழுக்காடே எல்லை என்கிறோம். ஒவ்வொரு கேள்வியும் பதிவாகட்டும்; எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது முன்கூட்டியே வெளிவரட்டும்; தாய்மொழியில் எழுதவும் பேசவும் உரிமை தரட்டும். காட்சி அமைக்கச் சொல்லி, பெயர் மறைத்து, அதனையே பெரிதாக மதிப்பிடட்டும். தரமணியிலுள்ள நம் மாநில நிலையம் முதலில் நடந்து காட்டட்டும். பிறகு டில்லியைத் தட்டிக் கேட்கும் நம் குரலுக்கு வலிமை கூடும்!

வாயைப் பார்த்து வாய்ப்பு வழங்காதீர். வடித்த காட்சியைப் பார்த்து வழங்குக!