விடுதலை பெற்ற நாடு. விடுதலை பெறாத நா!

நாட்டின் பெருமையை நிலப்பரப்பால் அளப்பார் உளர்; படைவலியால் அளப்பாரும் உளர். இவ்விரண்டு அளவுகோலுக்கும் அகப்படாத சிறுநாடு ஒன்று மேலை ஆப்பிரிக்காவில் இருக்கின்றது. காம்பியா என்பது அதன் பெயர். ஆப்பிரிக்கப் பெருநிலத்து நாடுகளுள் அதனினும் சிறியது பிறிதில்லை. பரப்பு ஏறத்தாழ 4,300 சதுரக்கல். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 24 இலக்கம். உலகப் படத்தில் அதனைத் தேடிக் காணவே கூர்ந்த கண் வேண்டும். எனினும் விடுதலை என்பது ஒரே நாளில் முடிந்துபோகும் வினையன்று என்பதை அறிய விரும்புவார் அந்நாட்டின் வரலாற்றைக் கட்டாயம் கற்றல் வேண்டும்.

காம்பியா என்பது ஓர் ஆற்றின் பெயர். அதுவே நாட்டின் பெயரும் ஆயிற்று. கினி நாட்டு மேட்டுநிலத்தே தோன்றி, ஏறத்தாழ 700 கல் ஓடி, அத்திலாந்திக்குப் பெருங்கடலில் கலக்கின்றது அவ்வாறு. அதன் கீழ்ப்பகுதியின் இருகரையையும் ஒட்டிக் கிடக்கும் ஒடுங்கிய நிலமே அந்நாடு. அகன்ற இடத்தும் 30 கல்லுக்கு மேல் அகலமில்லை. மேற்கே கடல், ஏனை முப்புறமும் செனகல். ஒரு நாட்டின் வாய்க்குள் மற்றொரு நாடு நாவைப்போல் நீண்டு கிடக்கின்றது!

இவ்வெல்லையை இயற்கை வகுக்கவில்லை. 1889-இல் ஆங்கிலேயரும் பிரஞ்சுக்காரரும் பாரிசு நகரில் அமர்ந்து கோடு கிழித்துக்கொண்டனர். ஆற்றில் நின்ற ஆங்கிலப் போர்க்கப்பலின் குண்டு எத்துணைத் தொலைவு சென்று வீழ்ந்ததோ, அத்துணைத் தொலைவே எல்லையாயிற்று என்றொரு கதை அங்கு வழங்குகின்றது. அது வெறுங் கதையாகவே இருக்கட்டும். அம்மண்ணின் மக்களை எவரும் கேட்கவில்லை என்பது மட்டும் கதையன்று! மாண்டிங்கரும் ஒலோபியரும் புலாவினரும் சோலாவினரும் அக்கோட்டின் இருமருங்கும் வாழ்கின்றனர். உடன்பிறந்தார் இருவருள் ஒருவன் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்கும் மற்றவன் பிள்ளை பிரஞ்சுப் பள்ளிக்கும் போக நேர்ந்தது. பாட்டியிடம் பேசும் மொழி அவ்விருவர்க்கும் ஒன்று. அரசிடம் பேசும் மொழியோ வெவ்வேறு!

அவ்வாற்றின் முகத்துக்கு அருகே ஒரு சிறு தீவு உண்டு. 1651-இல் பால்டிக்குக் கடற்கரையிலிருந்து வந்த கூர்லாந்தினர் அங்கொரு கோட்டை கட்டினர். பத்தாண்டு கழித்து ஆங்கிலேயர் அதனைக் கவர்ந்து, சேம்சுத் தீவு என்று தம் இளவரசன் பெயரைச் சூட்டினர். பொன்னும் யானைக்கோடும் விற்ற அவ்விடத்தில் பின்னர் மாந்தரையே விற்றனர். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்சு ஏலி, தம் மூதாதையாகக் குண்டா கிந்தே என்பானைக் கொண்டு 1976-இல் 'வேர்கள்' என்னும் நூலை வெளியிட்டார். அக்கொடிவழி குறித்து ஆய்வாளர் ஐயங்கள் எழுப்பியதுண்டு. ஆயினும் அக்கரையினின்று கடத்தப்பட்டோர் பட்ட துயரில் ஐயமில்லை. 2011-இல் ஆங்கிலப் பெயர் அகற்றப்பட்டு அத்தீவு குண்டா கிந்தே தீவு ஆயிற்று. 1816-இல் ஆங்கிலேயர் நிறுவிய பாதர்சுட்டு நகரம் 1973-இல் பாஞ்சுல் எனத் தன் பழம்பெயரை மீட்டுக்கொண்டது. பெயர் மீட்பும் மீட்பே. ஆனால் அது தொடக்கமேயன்றி முடிவன்று.

வெள்ளையராட்சி அந்நாட்டை ஒற்றைப் பயிருக்கு அடிமையாக்கிற்று. நிலமெங்கும் வேர்க்கடலை விளைந்தது, கப்பலேறிச் சென்றது, உண்ணும் அரிசியோ அயலிலிருந்து வந்தது. விலை கூறுபவன் கடலுக்கு அப்பால் இருந்தான். உழுபவன் இப்பால் இருந்தான். 1965 பிப்பிரவரி 18-இல் நாடு விடுதலை பெற்றது. 1970-இல் குடியரசாயிற்று. கால்நடை மருத்துவரான தாவுதா சவாரா முதற் குடியரசுத் தலைவரானார். 1981-இல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி ஒன்று எழுந்தபோது செனகல் படை வந்து அவரைக் காத்தது. அதன் விளைவாக 1982-இல் அமைந்த செனகாம்பியக் கூட்டமைப்பு 1989-இல் கலைந்தது. துணைக்கு வந்தவன் தலைமைக்கு வந்துவிடுவானோ என்னும் அச்சம் சிறிய நாட்டுக்கு இருப்பது இயல்பே.

அம்மக்கள் ஒப்போலை இடும் முறை உலகில் வேறெங்கும் காணற்கரியது. எழுத்தறியாதாரும் தம் விருப்பைத் தவறின்றித் தெரிவித்தல் வேண்டும் என்று 1960-களில் அமைந்த முறை அது. வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் வண்ணம் தீட்டி, படம் ஒட்டிய ஓர் இரும்புக்கலம் உண்டு. குடிமகன் கையில் ஒரே ஒரு கோலிக்குண்டு கொடுக்கப்படும். அதனைத் தான் விரும்பும் கலத்தின் குழாயில் இட்டால், உள்ளே மணி ஒன்று ஒலிக்கும். இருமுறை ஒலித்தால் கள்ளம் வெளிப்பட்டுவிடும். ஏட்டறிவு இல்லாத முதியவளும் அமைச்சரும் அங்கே நிகர்; இருவர் கையிலும் ஒரே கோலி!

1994 சூலையில் யாகியா சம்மே என்னும் 29 அகவைப் படையலுவலன் ஆட்சியைக் கைப்பற்றினான். இருபத்திரண்டு ஆண்டு அவன் கொடுங்கோல் நீடித்தது. 2000 ஏப்பிரலில் கிளர்ந்தெழுந்த மாணவர்மேல் அவன் படை சுட்டது. 2004-இல் தெய்தா ஐதரா என்னும் தாளிகையாசிரியர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவனே 2014-இல், ஆங்கிலம் அடிமைச் சின்னம், அதனை விலக்குவேன் என்று முழங்கினான்! எம்மொழியை அதன் இடத்தில் அமர்த்துவது என்று கூறினானல்லன், ஒன்றும் செய்தானுமல்லன். மக்களின் வாயை அடைத்துவிட்டு மக்களின் மொழியைக் காப்பேன் என்பவனை நம்பலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2016 திசம்பர் 1-இல் கோலிகள் பேசின. அதாமா பாரோ வென்றார். தோல்வியை முதலில் ஒப்பிய சம்மே, ஒருகிழமை கழித்து மறுத்தான். பாரோ 2017 சனவரி 19-இல் செனகலின் தலைநகரில் உள்ள தம் நாட்டுத் தூதரகத்தில் பதவியேற்க நேர்ந்தது. மேலை ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப்படை எல்லை கடந்ததும், இரண்டே நாளில் கொடுங்கோலன் நாட்டைவிட்டு வெளியேறினான்.

பின்னர் உண்மை அறியும் ஆணையம் ஒன்று அமைந்தது. 2019 முதல் 2021 வரை பாதிக்கப்பட்டோரும் கொடுமை செய்தோரும் ஊரறிய உரைத்தனர். அவருட் பலர் மாண்டிங்காவிலும் ஒலோபிலும் புலாவிலும் சோலாவிலும் பேசினர், மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தனர், வானொலி அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அதே 2019 நவம்பரில், மியன்மாவில் உரோகிங்கியர்க்கு நேர்ந்தது இனப்படுகொலை என்று அனைத்துநாட்டு முறைமன்றத்தில் காம்பியா வழக்குத் தொடுத்தது. ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஓர் இனத்துக்காக, அத்துணைப் பெருநாடுகள் வாளாவிருக்க, இச்சிறுநாடு எழுந்து நின்றது! 2020 சனவரியில் அம்மன்றம் உரோகிங்கியரைக் காக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது.

இத்துணைச் சிறப்பும் உடைய நாட்டில் ஒரு குறை இன்னும் தீரவில்லை. 1997-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டப்படி, நாட்டவை உறுப்பினராக நிற்பவர் அவை நடவடிக்கையில் பங்கேற்குமளவு ஆங்கிலம் பேசத் தெரிந்திருத்தல் வேண்டும்! எழுதப் படிக்கத் தெரியாதவளும் தேர்ந்தெடுக்கலாம் என்று கோலியைக் கையில் கொடுத்த நாடு, ஆங்கிலம் பேசத் தெரியாதவள் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று கதவைச் சாத்துகின்றது. தன் ஊரின் மண்ணையும் மழையையும் பயிரின் விலையையும் அறிந்த உழவன், தன் தாய்மொழியில் அவற்றை எடுத்துரைக்கத் தன் நாட்டவையில் இடமில்லை!

மொழிகள் பல இருக்க எதனை அமர்த்துவது, ஒன்றை உயர்த்தினால் மற்றவை வருந்தாவோ, ஆகலின் ஆங்கிலமே பொதுவன்றோ என்பார் அங்கும் உளர். அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. சிறுமொழியினரின் அச்சம் மெய்யான அச்சமே. ஆனால் அதற்கு விடை அவர்கள் கண்முன்னேயே இருக்கின்றது. உண்மை அறியும் ஆணையத்தில் பல மொழியும் ஒலித்தன; எவரும் எவரையும் அடக்கவில்லை; நாடும் சிதறவில்லை. கண்ணீரை உரைக்கத் தகுதியுடைய மொழிகள், சட்டத்தை உரைக்க மட்டும் தகுதியற்றவையோ? அந்நாட்டுப் பாணர் 21 நரம்புடைய கோரா என்னும் யாழை மீட்டி, தலைமுறை தலைமுறையாக அரசர் வரலாற்றையும் குடிகளின் வழிமுறையையும் வாய்மொழியாகவே காத்துவந்துள்ளனர். அத்துணை வளமுடைய நாவுக்கு இரவல் மொழி எதற்கு?

தீவின் பெயரை மீட்டார். தலைநகரின் பெயரை மீட்டார். கொடுங்கோலனிடமிருந்து ஆட்சியையும் மீட்டார். இனி மீட்க வேண்டியது நாவொன்றே. கோலிக்குண்டின் ஒலியால் ஒரு கொடுங்கோலாட்சியை வீழ்த்திய மக்களுக்கு அஃது அரிய வினையன்று. அவர்தம் நாட்டவையில் அவர்தம் மொழிகள் முழங்கும் நாளில்தான் 1965-இல் தொடங்கிய விடுதலை முழுமையுறும். அந்நாள் விரைந்து வருக!