ஏரோஸ்பேஸா, மெக்கானிக்கலா?

2023-ல சந்திரயான்-3 இறங்கினதுலேர்ந்து மாட்டுங்கா தமிழ் வீடுகள்ல ஒரே பேச்சு: "பையன் ஏரோஸ்பேஸ் படிச்சு இஸ்ரோவுக்குப் போகணும்கறான்."

நல்ல ஆசைதான். ஆனா இஸ்ரோவோட பொது ஆளெடுப்பு விளம்பரத்தைக் கொஞ்சம் படிங்க. விஞ்ஞானி-பொறியாளர் பதவிக்குப் பெரும்பாலும் கேக்கறது எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயன்ஸ். ஏரோஸ்பேஸ் படிச்சு நேரா உள்ள போக வழி, 2007-ல திருவனந்தபுரத்துல ஆரம்பிச்ச ஐ.ஐ.எஸ்.டி. அங்கயும் நல்ல மார்க்கும் இஸ்ரோவுல காலியிடமும் இருந்தாத்தான்.

அதனால என் கட்சி இது. ஐ.ஐ.எஸ்.டி., பவாய் ஐ.ஐ.டி., கலாம் படிச்ச குரோம்பேட்டை எம்.ஐ.டி. இதுல ஒண்ணு கிடைச்சா யோசிக்காம சேருங்க. இல்லைன்னா, லட்சக்கணக்குல கொட்டி ஏதோ ஒரு காலேஜ்ல ஏரோ சீட் வாங்கறதைவிட நம்ம மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.ல மெக்கானிக்கல் எவ்வளவோ மேல். (அதுவும் லேசுல கிடைக்காது, சி.இ.டி.ல பின்னணும்.) இஸ்ரோவோட விகாஸ் எஞ்சினை இதே மும்பையில, விக்ரோலி கோத்ரெஜ்ல செய்யறாங்க. அது பெரும்பாலும் உலோகம், வெல்டிங், மெஷினிங் வேலை. மெக்கானிக்கல் பையனோட பாடம்.

"அப்புறம் அமெரிக்காவுல எம்.எஸ். பண்ணிக்கலாமே" என்பார்கள். அங்க ராக்கெட் கம்பெனிகள்ல பெரும்பாலான வேலைக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேணும். 'ஐட்டார்'னு ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி இருக்கு, ராக்கெட்டும் அதுல அடக்கம். கடன் வாங்கறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க.

தனியார் காலேஜ்ல ஃபீஸ் கட்டப் போறவங்க ஒண்ணு மட்டும் கேளுங்க: போன வருஷம் ஏரோ முடிச்சவங்கள்ல எத்தனை பேர் விமானம், ராக்கெட் சம்பந்தப்பட்ட வேலைக்குப் போனாங்க? சாஃப்ட்வேர் கம்பெனி பேரா அடுக்கினா, அந்த வேலைக்கு ஏரோ எதுக்குன்னும் கேட்டுடுங்க.