லேசான தடியடி

 கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா வாசியுங்க.

ஆங்கிலத்துக்கு பேட்டன் என்று ஒரு சொல் போதும். போலீஸ்காரர் கையில் இருப்பதும் பேட்டன், தொடர் ஓட்டத்தில் கை மாறுவதும் பேட்டன், இசைக்குழுவின் முன்னால் நிற்பவர் அசைக்கிற மெல்லிய குச்சியும் பேட்டன். நமக்கு அப்படி இல்லை. இங்கே வட்டக்கோட்டைப் பக்கம் பனையேறிக்கு முருக்குத்தடி, சிலம்பக்காரனுக்குக் கம்பு, வாத்தியாருக்குப் பிரம்பு, வயசானவங்களுக்கு ஊன்றுகோல், ராஜாவுக்குச் செங்கோல். கோல் வளைந்தால் அது கொடுங்கோல். வள்ளுவர் ரெண்டுக்கும் தனித்தனி அதிகாரமே வைத்திருக்கிறார். போலீசுக்கு மட்டும் இந்தியிலிருந்து வந்த லத்தி.

இவ்வளவு சொல் வைத்துக்கொண்டு பத்திரிகையில் என்ன எழுதுகிறோம்? ‘போலீசார் லேசான தடியடி நடத்தி கூட்டத்தைக் கலைத்தனர்.’ இலக்கணம் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் எனக்கு உறுத்துகிறது. கல்யாணம் நடத்துவது போல, பொதுக்கூட்டம் நடத்துவது போல தடியடியும் ‘நடத்துகிறார்கள்’. அடி யார் மேல் விழுந்தது? வாக்கியத்தில் ஆளே இல்லை. ‘லேசான’ என்று அளந்தது யார், அடித்தவரா, அடிபட்டவரா?

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தை முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும், போகாவிட்டால்தான் பலத்தைப் பயன்படுத்தலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 129-வது பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 148. லத்தியால் தண்டனை கொடுக்க எந்தப் பிரிவும் கிடையாது.

சாத்தான்குளம் நமக்கு ரொம்ப தூரம் இல்லை. 2020 ஜூன் 19. ஊரடங்கில் நேரம் தாண்டி செல்போன் கடை திறந்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு. ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் பிடித்தார்கள். 22-ஆம் தேதி மகன் இறந்தார், 23-ஆம் தேதி அப்பா. விடிய விடிய அடித்ததையும், லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததையும் விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த அம்மாவின் தைரியத்துக்கு ஒரு கும்பிடு. லத்திகளை ஒப்படைக்கச் சொன்னபோது போலீசார் தயங்கினார்கள் என்றும் மாஜிஸ்திரேட்டின் அறிக்கையில் இருக்கிறது. அங்கே கூட்டமும் இல்லை, கலைக்க யாரும் இல்லை.

‘அடி இல்லேன்னா பயம் இருக்காது சார்’ என்று என் சக ஆசிரியர்களே சொல்வார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிரம்புக்குத் தடை போட்டபோதும் இதே புலம்பல்தான். பள்ளிக்கூடம் இடிந்து விழவில்லையே!

2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட்டில் நம்ம தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ் கடைசிச் சுற்று ஓடினாரே, அவர் கையில் இருந்ததும் கோல்தான். முப்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கூடாது, ஐம்பது கிராமுக்குக் குறையக்கூடாது. நாலு பேரும் சேர்ந்து 2 நிமிடம் 59.05 விநாடி, அப்போது அது ஆசிய சாதனை. ஒரு சின்னக் குழாய்க்கே நீளம், எடை, எந்த இடத்துக்குள் கை மாற வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு கேட்கிறோம். லத்தி எத்தனை தடவை ஓங்கியது, யார் உத்தரவு என்று மட்டும் கேட்பதில்லை.

என்னிடம் படித்தவர்களில் இப்போது நிருபர்களாக இருக்கிற ரெண்டு மூணு பேர் இதை வாசிப்பீங்க. அடுத்த தடவை ‘லேசான’ என்று தட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்க மக்களே. எத்தனை பேருக்குத் தையல் போட்டாங்கன்னு கேட்டு அதை எழுதுங்க.