ஐந்தாவது ஆசனம் எங்கே?

முகாமைத்துவம் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களில் ஒரு விளையாட்டு ஆடப்படுகிறது. மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே பொரெஸ்டர் குழுவினர் உருவாக்கிய 'பியர் விளையாட்டு' அது. சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என நால்வர் அமர்கின்றனர். வாடிக்கையாளரின் கேள்வி ஒருமுறை சிறிது உயர்கிறது. கடைக்காரர் சற்றுக் கூடுதலாகக் கேட்கிறார். அடுத்தவர் அதனினும் கூடுதலாகக் கேட்கிறார். தொழிற்சாலையை அடையும்போது சிற்றலை பேரலையாகி விடுகிறது. தேங்கிக் கிடக்கும் பெட்டிக்கு வாரம் அரை டொலர் தண்டம். கொடுக்கத் தவறிய பெட்டிக்கு ஒரு டொலர். இறுதியில் எல்லாச் செலவும் கூட்டப்படும்.

எல்லாச் செலவுமா? அப்பேரலையைத் தம் உடலால் தாங்கும் தொழிலாளிக்கு அங்கே ஆசனமில்லை. நீட்டப்பட்ட வேலை நேரத்துக்கும் பறிக்கப்பட்ட வேலைக்கும் தண்டமில்லை. வழங்கல் சங்கிலி முகாமைத்துவம் என்னும் துறையின் பெருங்குறை இவ்விளையாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

ஆய்வாளரின் அறிவை நாம் மறுக்கவில்லை. 1997இல் ஹௌ லீயும் சகாக்கள் இருவரும் இவ்வலையின் காரணங்களை நான்காக வகுத்தனர்: ஒவ்வொருவரும் தனித்தனியே கேள்வியை ஊகித்தல், கட்டளைகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்புதல், விலையை ஏற்றி இறக்குதல், தட்டுப்பாட்டுக்கு அஞ்சி மிகையாகக் கேட்டல். சீரிய ஆய்வுதான். ஆனால், இந்நான்கில் ஒன்றேனும் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவள் செய்த குற்றமா? காரணம் மேலே, தண்டனை கீழே!

வங்காளதேசத்தைப் பாருங்கள். 2013 ஏப்ரில் 23ஆந் தேதி, சாவாரில் ராணா பிளாசாக் கட்டடச் சுவரில் வெடிப்புகள் காணப்பட்டன. அங்கிருந்த வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளரோ மறுநாள் காலை மீண்டும் உள்ளே அனுப்பப்பட்டனர். 1,134 பேர் மாண்டனர். 2020இல் பெருந்தொற்றினால் மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டபோது, கொள்வனவாளர் பலர் தைத்து முடித்த ஆடைகளுக்கும் பணம் தர மறுத்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வங்காளதேசத் தொழிலாளர் வேலை இழந்தோ இடைநிறுத்தப்பட்டோ வீதிக்கு வந்தனர் எனப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டிற்று.

"நாங்கள் திறனை ஆராய்பவர்கள், அறம் வேறு துறை" என்பர் சிலர். எதைச் செலவாக எண்ணுவது, எதை எண்ணாது விடுவது என்பதே அறத் தீர்ப்பு அல்லவா? பெட்டிக்கு அரை டொலர் விதித்த கை, மனிதனுக்கு எதுவும் விதிக்காமல் நின்றதே, அது எந்தத் துறை?

மாற்றுவழி இல்லாமலில்லை. நைக் நிறுவனத்தின் வழங்குநர் தொழிற்சாலைகளை ஆராய்ந்த றிச்சட் லொக், பரிசோதகரை அனுப்புவதால் மட்டும் தொழிலாளர் நிலை உயராது என நிறுவினார். ராணா பிளாசாவின் பின், 2013 மே மாதத்தில், தொழிற்சங்கங்கள் கொள்வனவு நிறுவனங்களைச் சட்டப் பிணைப்புள்ள பாதுகாப்பு உடன்படிக்கையில் ஒப்பமிடச் செய்தன. சூத்திரம் தராததைச் சங்கம் பெற்றுத் தந்தது.

கட்டுநாயக்காவில் ஆடை தைக்கும் அக்காமாரின் தம்பி தங்கையரும் இன்று இத்துறையைப் பயிலக்கூடும். ஆசிரியர்களே, அடுத்த முறை அவ்விளையாட்டை ஆடும்போது ஐந்தாவது ஆசனமொன்றைப் போடுங்கள். மாணவர்களே, அது போடப்படாவிடின், ஏன் என்று எழுந்து கேளுங்கள். அக்கேள்வியில்தான் மெய்யான ஆராய்ச்சி தொடங்கும்.